கணக்கு பட்டறைக்குப் போகட்டும்

குழாயடியில் குடம் நிரம்புவதை நாம் கண்ணால் பார்த்தா அறிகிறோம்? இல்லை. பக்கத்து வீட்டு அம்மாள் நம்மோடு பேசிக்கொண்டே நிற்கிறார். முகம் இந்தப் பக்கம். குடம் அந்தப் பக்கம். திடீரென்று பேச்சை நிறுத்திவிட்டுக் குழாயை மூடுகிறார். குடம் கழுத்துவரை நிரம்பியிருக்கிறது. எப்படித் தெரிந்தது? காது சொல்லிற்று. தண்ணீர் ஏற ஏறக் குடத்திற்குள் இருக்கும் காற்று குறைகிறது. காற்று குறையக் குறையச் சுருதி உயர்கிறது. ஜோகுபாளையத்துச் சந்துகளில் தண்ணீர் வரும் காலைகளில் இந்தப் பௌதிகப் பாடம் நாள்தோறும் நடக்கிறது. அதற்குக் கட்டணம் இல்லை, தேர்வும் இல்லை.

அதே பாடம் நம் பல்கலைக்கழகத்திலும் நடக்கிறது. அங்கே அதற்கு ஹெல்ம்ஹோல்ட்ஸ் ஒத்ததிர்வி என்று பெயர். நிறுவுக என்று கேட்பார்கள், நிறுவுவோம். மதிப்பெண் தருவார்கள், வாங்குவோம். பிறகு அந்தச் சூத்திரத்தை விடைத்தாளோடு கட்டிக் கொடுத்துவிட்டு வெளியே வந்துவிடுவோம். அது சரியா என்று கேட்பதற்காகவே இந்தக் கட்டுரையை எழுதுகிறேன்.

என்னை இப்படிக் கேட்க வைத்தது ஒரு பெட்டி. காரின் பின்புறத்தில் வைக்கும் ஒலிப்பெட்டி. சப்வூஃபர் பெட்டி என்பார்கள்.

ஒரு கேள்வியும் ஒரு வெட்கமும்

ஜோகுபாளையத்தில் நான் குடியிருக்கும் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் ஓர் அண்ணன் இருக்கிறார். சொந்தமாக ஒரு பழைய கார் வைத்து வாடகைக்கு ஓட்டுகிறார். வெளியூர்ப் பயணமென்றால் இரவெல்லாம் விழித்திருக்க வேண்டும். அந்த இரவுகளில் அவருக்குத் துணை பாட்டு ஒன்றுதான். நல்ல நாதசுரமும் தவிலும் கேட்பார், திரைப்பாட்டும் கேட்பார். சிறுகச் சிறுகச் சேர்த்த பணத்தில் ஒரு பத்து அங்குல ஸ்பீக்கரையும், கடையில் ஆயத்தமாகக் கிடைத்த ஒரு போர்ட் பெட்டியையும் வாங்கி மாட்டினார். பெட்டியின் நெற்றியில் பெரிய எழுத்தில் வாட் கணக்கு எழுதியிருந்தது.

இரண்டு நாள் கழித்து மாடிக்கு வந்தார். "தம்பி, நீ ஃபிசிக்ஸ்தானே படிக்கிறே? எந்தப் பாட்டைப் போட்டாலும் இது ஒரே மாதிரி உறுமுதே. தவிலைப் போட்டாலும் தொம், கிட்டாரைப் போட்டாலும் தொம். ஏன் தம்பி?" என்று கேட்டார்.

எனக்கு விடை தெரியவில்லை. அதாவது, விடை எனக்குத் தெரியும் என்பது எனக்குத் தெரியவில்லை. கம்பி தளர்ந்திருக்கும் என்றேன். ஆம்ப்ளிஃபையர் சரியில்லாமல் இருக்கலாம் என்றேன். "சரி தம்பி" என்று இறங்கிப் போனார். அன்றிரவு படுத்த பிறகுதான், அந்தப் பெட்டி என்பது மூடிய ஓர் அறையும் அதிலிருந்து வெளியே திறக்கும் ஒரு குழாயுமே என்பது நினைவுக்கு வந்தது. அது குடம். கழுத்துள்ள குடம். முந்தைய பருவத் தேர்வில் நான் முழு மதிப்பெண் வாங்கிய கேள்வி அது. அதைப் பணம் போட்டு வாங்கி என் வாசலில் கொண்டுவந்து வைத்தபோது எனக்கு அடையாளம் தெரியவில்லை. தோழர்களே, அன்று நான் வெட்கப்பட்டேன். அந்த வெட்கம் என் ஒருவனுடையது மட்டுமா என்று நீங்களே எண்ணிப் பாருங்கள்.

குடமும் பெட்டியும்

ஸ்பீக்கரின் கூம்பு முன்னே தள்ளும்போது பின்னே இழுக்கிறது. முன்னால் உண்டாகும் அலையும் பின்னால் உண்டாகும் அலையும் ஒன்றுக்கொன்று எதிரானவை. இரண்டும் கலந்தால் தாழ்ந்த ஒலி கரைந்துபோகும். ஆகவே பின்புறத்து அலையைப் பெட்டிக்குள் அடைக்கிறோம். அடைத்ததோடு விட்டால் அது மூடிய பெட்டி. அடைத்த காற்றுக்கு ஒரு குழாயை வழியாக விட்டால் அது போர்ட் பெட்டி. குழாயில் உள்ள காற்று ஒரு சிறு கட்டையைப் போல முன்னும் பின்னும் ஆடுகிறது. பெட்டியில் உள்ள காற்று சுருள்வில்லைப் போல அதைத் தாங்குகிறது. கட்டையும் வில்லும் சேர்ந்தால் அதற்கென்று ஓர் அதிர்வெண் உண்டு. அந்த அதிர்வெண்ணில் குழாயிலிருந்து வரும் ஒலி ஸ்பீக்கரின் முன்புறத்து ஒலியோடு சேர்ந்துகொள்கிறது. வீணாகப் போக இருந்த பின்புறத்து அலை வேலைக்கு வந்துவிடுகிறது.

இந்தத் தந்திரம் புதிதன்று. ஹெல்ம்ஹோல்ட்ஸ் தம் ஒலிநூலை வெளியிட்டது 1863-ஆம் ஆண்டு. அமெரிக்காவில் பெல் ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த ஆல்பர்ட் தூராஸ் குழாய் வைத்த ஒலிப்பெட்டிக்குக் காப்புரிமை பெற்றது 1932-ஆம் ஆண்டு. ஆனால் எந்த ஸ்பீக்கருக்கு எத்தனை பெரிய பெட்டி, எத்தனை நீளக் குழாய் என்பது அதன் பின்னும் வெகுகாலம் கைப்பழக்கமாகவே இருந்தது. பொருத்துவார்கள், கேட்பார்கள், வெட்டுவார்கள், மறுபடி கேட்பார்கள். 1961-இல் ஆஸ்திரேலியப் பொறியாளர் நெவில் தீல் அதைக் கணக்காக்கினார். பின்னர் சிட்னிப் பல்கலைக்கழகத்தில் ஆராய்ந்த ரிச்சர்ட் ஸ்மால் 1970-களின் தொடக்கத்தில் அதை விரிவாக்கினார். இன்று உலகில் எந்த ஸ்பீக்கரின் குறிப்புத் தாளைப் பார்த்தாலும் அவ்விருவர் பெயரால் வழங்கும் அளவைகள் அச்சாகியிருக்கும்.

அவற்றுள் மூன்று நமக்குப் போதும். முதலாவது, பெட்டியில்லாமல் கூம்பு தானே ஆட விரும்பும் அதிர்வெண், அது எஃப்.எஸ். இரண்டாவது, கூம்பின் ஆட்டம் எவ்வளவு விரைவில் அடங்கும் என்பதைக் காட்டும் எண், அது க்யூ.டி.எஸ். மூன்றாவது, கூம்பைத் தாங்கும் விளிம்பின் இழுவிசைக்கு ஈடான இழுவிசையைத் தரும் காற்றின் கன அளவு, அது வி.ஏ.எஸ்.

அண்ணனுடைய ஸ்பீக்கர் வந்த அட்டைப்பெட்டி அவர் கட்டிலுக்கடியில் கிடந்தது. அதனுள் நான்காக மடித்த ஒரு தாள் இருந்தது. எஃப்.எஸ். 34 ஹெர்ட்ஸ், க்யூ.டி.எஸ். 0.40; வி.ஏ.எஸ். 42 லிட்டர். வேண்டிய மூன்று எண்களும் அங்கேயே இருந்தன. பெட்டியை விற்றவர் கேட்கவில்லை, வாங்கியவருக்குத் தெரியவில்லை, மாடியில் இருந்த எம்.எஸ்ஸி. மாணவனும் பார்க்கவில்லை.

அளந்து பார்த்த கதை

மறுநாள் மாலை ஸ்பீக்கரைக் கழற்றினோம். பெட்டியின் உட்புறத்தை நாடாவால் அளந்தோம். குழாயும் ஸ்பீக்கரின் உடலும் அடைத்துக்கொள்ளும் இடத்தைக் கழித்தால் மிச்சம் இருந்த காற்று சுமார் 30 லிட்டர். குழாயின் உள்விட்டம் 10 சென்டிமீட்டர். நீளம் 15 சென்டிமீட்டர்.

இதற்குக் கணக்கு எளிது. உங்கள் நோட்டில் இருக்கும் சூத்திரத்தைச் சென்டிமீட்டருக்கும் லிட்டருக்கும் மாற்றி எழுதினால் இப்படி வரும். குழாயின் உள்விட்டத்தை அதனாலேயே பெருக்கு; அதை 23,500-ஆல் பெருக்கு. பெட்டியின் காற்றை லிட்டரில் எடுத்து, வேண்டும் அதிர்வெண்ணை அதனாலேயே பெருக்கி, இரண்டையும் பெருக்கிய தொகையால் முன்னதை வகு. வருவது குழாயின் பயன்நீளம். குழாயின் இரு வாய்க்கும் வெளியே உள்ள காற்றும் கொஞ்சம் சேர்ந்து ஆடுவதால், அதற்காக உள்விட்டத்தில் 0.73 பங்கைக் கழித்துவிடு. மிச்சம் வெட்ட வேண்டிய நீளம்.

இதைத் தலைகீழாகப் போட்டுப் பார்த்தேன். 30 லிட்டர் காற்று, 10 சென்டிமீட்டர் வாய், 15 சென்டிமீட்டர் நீளம். அதிர்வெண் ஏறத்தாழ 59 ஹெர்ட்ஸ் வந்தது. தொலைபேசியில் உள்ள ஒலியெழுப்பும் செயலியால் ஒவ்வோர் அதிர்வெண்ணாகக் கொடுத்துப் பார்த்தோம். 58-க்கும் 60-க்கும் இடையில் கூம்பு ஏறக்குறைய அசையாமல் நின்றது. குழாயின் வாயிலிருந்து மட்டும் காற்று கையில் அடித்தது. பெட்டியின் சொந்த அதிர்வெண்ணுக்கு இதுதான் அடையாளம். அண்ணன் தம் விரலைக் கூம்பின் மேல் வைத்துப் பார்த்து, "நின்னுகிட்டே பாடுதே!" என்றார். நான் ஆய்வுக்கூடத்தில் செய்த எந்தச் சோதனையும் எனக்கு அத்தனை மகிழ்ச்சி தந்ததில்லை.

34-இல் அமர வேண்டிய ஸ்பீக்கரை 59-இல் பிடித்து வைத்திருந்தார்கள். ஆகவே பாட்டில் 60-ஐ ஒட்டி எது வந்தாலும் பெட்டி துள்ளியது. அதற்குக் கீழே உள்ள ஒலிகள் படுத்துவிட்டன. போர்ட் பெட்டியில் சொந்த அதிர்வெண்ணுக்குக் கீழே ஒலி மிக வேகமாகச் சரியும். அதிர்வெண் பாதியாகும்போது 24 டெசிபெல் அளவுக்குக் குறைந்துவிடும். அங்கே கூம்பைத் தாங்கும் காற்றும் இல்லாமற் போவதால் அது வீணாகப் பாய்ந்து ஆடும்; கெட்டுப்போகவும் கூடும். அண்ணன் கேட்ட கேள்விக்கு விடை இவ்வளவே: தவிலும் கிட்டாரும் பேசவில்லை, பெட்டி தானே பேசிக்கொண்டிருந்தது.

காருக்குள் இது இன்னும் கொடுமை. 34 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் பத்து மீட்டர். சிறிய காரின் உட்புறமோ அதில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. அலை ஓடுவதற்கு இடமில்லாததால், தாழ்ந்த ஒலியில் காருக்குள் இருக்கும் காற்று முழுவதும் ஒன்றாக அழுந்தித் தளர்கிறது. அதனால் தாழ்ந்த ஒலிகள் காருக்குள் தாமாகவே ஓங்கிக் கேட்கும். பெட்டியும் ஓங்கி, காரும் ஓங்கினால் காது என்ன செய்யும்?

வாட் என்னும் மாயை

இங்கே சிலர் ஒரு மறுப்புச் சொல்வார்கள். "பெரிய ஆம்ப்ளிஃபையர் போட்டால் சரியாகிவிடும், எல்லாம் வாட்டில் இருக்கிறது" என்பார்கள். வாட்டை இரட்டிப்பாக்கினால் ஒலி 3 டெசிபெல்தான் கூடும். ஒலி இரு மடங்காகக் காதுக்குத் தோன்ற வேண்டுமானால் சுமார் 10 டெசிபெல் வேண்டும். அதற்குப் பத்து மடங்கு வாட் வேண்டும். தவறான இடத்தில் நிற்கும் பெட்டிக்குப் பத்து மடங்கு வாட் கொடுத்தால் தவறும் பத்து மடங்காகும், வேறென்ன? பாட்டில் இல்லாததைப் பெட்டி சொல்லும்போது நாம் கேட்பது பாட்டும் அன்று. வித்துவானின் கையும் அன்று.

இது ஆடம்பரக்காரர்களின் விஷயம் என்று ஒதுக்குவாரும் உளர். அவர்களுக்கு நம் மிருதங்கத்தை நினைவூட்டுகிறேன். அதன் இடந்தலையாகிய தொப்பியில் கச்சேரிக்கு முன் ரவைப் பசையை ஒட்டுகிறார்கள். ஏன்? சுருதி தாழ வேண்டும், ஆனால் சுத்தமாகத் தாழ வேண்டும் என்பதற்காக. வலந்தலையில் கரணையைப் படலம் படலமாக ஏற்றித் தேய்க்கிறார்கள். வெறுந்தோலைத் தட்டினால் வரும் மேற்சுரங்கள் ஒன்றுக்கொன்று ஒட்டாதவை. கரணை ஏறிய தோலில் அவை முழு எண் உறவுக்கு நெருங்கி வந்து இசையாகின்றன. இதைக் கண்டு சொன்னவர் யார்? திருச்சிராப்பள்ளியில் பிறந்த சி. வி. இராமன். 1920-இல் ஒரு சிறு கட்டுரையாகவும் 1934-இல் விரிவாகவும் எழுதினார். 1933-இல் இந்த நகரத்து இந்திய விஞ்ஞானக் கழகத்தின் இயக்குநராக வந்து, 1970-இல் மறையும்வரை இங்கேயே வாழ்ந்தவர் அவர். மிருதங்கம் செய்தவனின் கை பல தலைமுறையாக அறிந்திருந்ததை, ஏன் என்று கேட்டு ஏட்டில் ஏற்றினார் அந்த விஞ்ஞானி. பட்டறையிலிருந்து ஏட்டுக்கு அவர் ஒரு பாதை போட்டார். ஏட்டிலிருந்து பட்டறைக்குப் போகும் மறுபாதையை யார் போடுவது? அந்தப் பாதைதான் நம் கடன் என்பது என் துணிபு.

தாழ்சுருதிக்காக ஒருவன் ரவையைப் பிசைந்து, ஒட்டி, தட்டி, எடுத்து, மறுபடி ஒட்டுகிறான். அவ்வளவு பாடுபட்டு வந்த ஒலியை, அளவு பார்க்காமல் அடித்த ஒரு பெட்டி அரை நொடியில் பாழாக்குகிறது. வழிப்பயணத்தில் அதைத் துணையாகக் கொண்டவனுக்கு இது ஆடம்பரமா?

ஆசாரி சொன்ன சொல்

கணக்கை முடித்துக்கொண்டு ஜோகுபாளையத்திலேயே உள்ள ஒரு தச்சுப் பட்டறைக்குப் போனோம். அளவுகளைச் சொன்னேன். 40 லிட்டர் காற்று, 34 ஹெர்ட்ஸ். 10 சென்டிமீட்டர் குழாய்க்கு நீளம் 43 அரை சென்டிமீட்டர். அந்தக் குழாய் தானே நான்கு லிட்டரை அடைத்துக்கொள்ளும். ஸ்பீக்கரின் உடல் இரண்டு லிட்டர். உள்ளே முட்டுக் கொடுக்கும் சட்டங்கள் ஒன்றரை லிட்டர். ஆகப் பெட்டியின் உள்ளளவு 56, 34, 25 சென்டிமீட்டர். குழாயின் உள்முனைக்கும் எதிர்ச்சுவருக்கும் இடையே ஒரு விட்டமாவது இடைவெளி வேண்டும் என்பதால்தான் நீளம் 56. பலகை 18 மில்லிமீட்டர் பிளைவுட்.

ஆசாரி எல்லாவற்றையும் கேட்டுப் பென்சிலால் பலகையின் மேல் எழுதிக்கொண்டார். பிறகு சொன்னார்: "நாங்களும் இந்த மாதிரிப் பெட்டி எத்தனையோ செஞ்சிருக்கோம் தம்பி. நீளம் அகலம் சொல்லுவாங்க, டிக்கியிலே அடங்கினா போதும்பாங்க. பைப் எவ்வளவு நீளம்னு இதுவரைக்கும் ஒருத்தரும் சொன்னதில்லே. கையிலே இருக்கிற துண்டைப் பார்த்து வெட்டிடுவோம். கணக்கு உண்டுன்னு தெரிஞ்சா செய்யமாட்டோமா?"

இந்தக் கடைசிச் சொல்லை நான் மறக்க முடியவில்லை. அவர் கையில் குறையில்லை. மூலைகள் காகிதம் நுழையாமல் கூடின. உள் மூட்டுகளில் பசை விட்டு, அதன் மேல் சிலிக்கான் பூசிக் காற்று புகாமல் அடைத்தார். குழாயின் இரு வாயையும் அரத்தால் உருட்டினால் காற்றின் சீறல் குறையும் என்றேன்; நான் சொல்லி முடிக்குமுன் உருட்டிவிட்டார். குழாயை முதலில் 45 சென்டிமீட்டராக விட்டு, ஒலி கொடுத்துப் பார்த்து, கூம்பு 34-இல் நிற்கும்வரை சிறிது சிறிதாக அறுத்தோம். சூத்திரம் ஒரு சென்டிமீட்டர் முன்பின்னாக இருக்கும். மிச்சத்தைக் காதும் அரமும் முடிக்கும். அந்த மிச்சத்தில் அவர் எனக்கு ஆசிரியர்.

தீலின் கட்டுரைக்கு நேர்ந்ததை இங்கே சொல்ல வேண்டும். 1961-இல் அது ஆஸ்திரேலிய வானொலிப் பொறியாளர் கழகத்தின் ஏட்டில் வெளிவந்தது. அமெரிக்க ஒலிப்பொறியியல் கழகத்தின் ஏட்டில் மறுபதிப்பாகி உலகம் பரவலாக அறிந்தது 1971-இல். ஆங்கிலத்தில் எழுதி அச்சேறிய ஒரு கணக்குக்கே, ஆங்கிலம் படித்த பொறியாளர்களிடம் போய்ச்சேரப் பத்து ஆண்டு ஆயிற்று. அங்ஙனமாயின் நம் விடைத்தாளில் கிடக்கும் கணக்கு தமிழும் கன்னடமும் பேசும் ஆசாரியிடம் போய்ச்சேர எத்தனை ஆண்டு ஆகும்? நாம் கொண்டுபோகாவிட்டால் ஒருநாளும் சேராது.

"இலவசமாகவே கணிப்பு மென்பொருள்கள் கிடைக்கின்றனவே, யார் வேண்டுமானாலும் போட்டுப் பார்க்கலாமே" என்று நண்பர் ஒருவர் கேட்டார். கிடைக்கின்றன, நானும் அதில் சரிபார்த்துக்கொண்டேன். ஆனால் அது முதலில் கேட்பது எஃப்.எஸ்., க்யூ.டி.எஸ்., வி.ஏ.எஸ். அவை என்னவென்று தாய்மொழியில் யாராவது ஒருமுறை சொல்லித் தந்தால்தானே அந்தக் கதவு திறக்கும்?

நேர்மைக்காகச் சில சொற்கள்

புதுப் பெட்டியை மாட்டியதும் அண்ணன் முகம் வாடிவிட்டது. "சத்தம் குறைஞ்சு போச்சே தம்பி" என்றார். உறுமலுக்குப் பழகிய காது உறுமலைத் தேடியது. ஒன்றும் சொல்லாமல் இருந்தேன். சேலம்வரை ஒரு சவாரி போய் வந்தார். வந்தபின், தவிலின் இரண்டு பக்கமும் தனித்தனியாகக் கேட்கிறது என்றார். அதற்கு மேல் அவரும் புகழவில்லை, நானும் கேட்கவில்லை.

எல்லாருக்கும் போர்ட் பெட்டிதான் என்று நான் சொல்ல வரவில்லை. அண்ணனின் டிக்கியில் அது வெளியளவாக 64 லிட்டர் இடத்தைப் பிடித்துக்கொண்டது. பயணிகளின் பெட்டி படுக்கைக்கு அது நட்டம். இடம் இல்லாதவருக்கும் அளக்க நேரமில்லாதவருக்கும் மூடிய பெட்டியே மேல். அதில் ஒலி கீழே போகப் போக மெதுவாகத்தான் சரியும். அந்தச் சரிவைக் காரின் உட்புறம் தரும் ஓங்கல் ஓரளவு ஈடுசெய்யும். அளவில் சிறு பிழை இருந்தாலும் அது பொறுத்துக்கொள்ளும். போர்ட் பெட்டி பொறுக்காது. கணக்கில்லாமல் போர்ட் பெட்டி செய்வதைவிடக் குழாயை அடைத்துவிடுவது நல்லது.

இன்னொன்று. நல்ல பெட்டி கிடைத்துவிட்டது என்பதற்காக ஊரை எழுப்ப உரிமை கிடைத்துவிடாது. 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி குடியிருப்புப் பகுதிக்கு வரம்பு பகலில் 55 டெசிபெல், இரவில் 45. இரவு பத்து மணி முதல் காலை ஆறு மணி வரை இரவெனக் கொள்வர். அந்த டெசிபெல்லை அளக்கும் முறையோ மனிதக் காதுக்கு ஏற்பத் தாழ்ந்த ஒலிகளைக் குறைத்தே எண்ணுகிறது. கருவி சரி என்று சொல்லும். சுவருக்கு அப்பால் படுத்திருக்கும் பாட்டியின் சன்னல் கண்ணாடி நடுங்கிக்கொண்டிருக்கும். தாழ்ந்த ஒலி சுவரை எளிதாகக் கடக்கும். நம் சந்துகளில் வீட்டுக்கு வீடு ஒரு சுவர்தான். சட்டத்தின் எண்ணைவிட அந்தச் சுவரை நினைப்பது நாகரிகம். அண்ணன் சந்து முனைக்கு வந்ததும் ஒலியைக் குறைத்துவிடுகிறார். நல்ல பெட்டியில் குறைந்த ஒலியிலும் பாட்டு தெளிவாக இருப்பதால் அது அவருக்கு இழப்பாகத் தோன்றவில்லை.

என் விண்ணப்பம்

ஆகவே நம் தமிழ் மன்றத்தின் முன் ஒரு விண்ணப்பம் வைக்கிறேன். மேலே சொன்ன கணக்கை ஒரே ஒரு தாளில், ஒரு பக்கம் தமிழிலும் மறுபக்கம் கன்னடத்திலும் அச்சிடுவோம். மூன்று எண்களின் விளக்கம்; குழாய் நீளத்தின் கணக்கு; 30, 40, 50 லிட்டருக்குப் போட்டு வைத்த ஒரு சிறு அட்டவணை; ஐயமிருந்தால் மூடிய பெட்டியே செய்க என்னும் எச்சரிக்கை. இவ்வளவு போதும். கன்னட நண்பர்கள் நம் வகுப்பிலேயே இருக்கிறார்கள். மறுபக்கத்தை அவர்கள் எழுதித் தருவார்கள். பிழைக்க வந்த ஊரில், ஊர்க்காரரோடு சேர்ந்து செய்ய இதைவிட நல்ல வேலை எது?

இது பெட்டியோடு நிற்க வேண்டியதும் அன்று. வேதியியல் படிப்பவர்கள் தண்ணீர்த் தொட்டிக்கு எவ்வளவு குளோரின் என்று எழுதலாம். தாவரவியல் படிப்பவர்கள் மாடித் தோட்டத்துப் பூச்சியைப் பற்றி எழுதலாம். ஒவ்வொருவரும் தேர்வில் எழுதிய ஒரு விடையை எடுத்துக்கொண்டு, அது தம் தெருவில் யாருக்கு வேண்டியிருக்கிறது என்று தேடிப் பார்ப்போமாக. தேடினால் கிடைக்கும். எனக்குக் கீழ்த்தளத்திலேயே கிடைத்தது. நானாகத் தேடவில்லை என்பதுதான் குறை.

தமிழில் விஞ்ஞானம் வளர வேண்டும் என்று நம் மேடைகளில் பேசாத ஆண்டு இல்லை. கைதட்டாத ஆண்டும் இல்லை. கலைச்சொல் ஆயிரம் கண்டோம். அவற்றைப் பேசுவதற்கு ஆள் வேண்டாமா? பட்டறையில் ஆசாரி "பயன்நீளம்" என்று ஒருமுறை சொல்லிப் பார்த்தால் அந்தச் சொல் பிழைத்துக்கொள்ளும்.

தாளின் தமிழ்ப் பக்கத்தை நான் எழுதி முடித்துவிட்டேன். கையெழுத்துப் படி ஒன்றை ஆசாரி வாங்கித் தம் பட்டறைச் சுவரில் பசை தடவி ஒட்டியிருக்கிறார். சென்ற வாரம் போனபோது அதன் ஓரத்தில் பென்சிலால் ஏதோ பெருக்கிப் பார்த்திருந்தார். பன்னிரண்டு அங்குல ஸ்பீக்கருக்காக யாரோ வந்திருக்கிறார்கள். விடையைச் சரிபார்த்தேன், கழிக்க வேண்டிய 0.73 பங்கை மட்டும் விட்டுவிட்டிருந்தார். அதைத் தாளில் இன்னும் பெரிய எழுத்தில் போட வேண்டும். கன்னடப் பக்கத்திற்கு ஒரு நண்பர் வேண்டும். முன்வருவோர் மன்றத்தில் பெயர் கொடுப்பீர்களாக.